சுமை இறக்கினார், சுவை தந்தார்!

மருத்துவமனைக்குப் போகிறவர் கையில் ஒரு பை. பைக்குள் நாலைந்து ஆப்பிள்! படுத்திருப்பவருக்குக் கஞ்சிகூடத் தொண்டையில் இறங்கவில்லை. என்றாலும், தலைமாட்டிலே ஆப்பிள் இருந்தால்தான் பார்க்க வந்தவருக்கு மதிப்பு. வாழைப்பழத்தோடு வந்தவரைக் கையைச் சுருக்கிவிட்டார் என்று கிசுகிசுப்பார்கள். அப்படி ஒரு மரியாதை அந்தப் பழத்துக்கு நம்மிடையே ஏற்பட்டுவிட்டது. தள்ளுவண்டிக்காரர் வெறுமனே ஆப்பிள் என்று கூவுவதில்லை. சிம்லா ஆப்பிள் என்று ஊரையும் சேர்த்தே கூவுகிறார். வாங்குகிறவரும் இலேசுப்பட்டவர் அல்லர். ஒன்றை எடுப்பார், ஒளியில் திருப்பிப் பார்ப்பார், காம்புப் பள்ளத்தில் மூக்கை வைப்பார், கட்டைவிரலால் அழுத்துவார், வெளுத்ததைத் தள்ளுவார், வடுப்பட்டதை ஒதுக்குவார், நன்கு சிவந்ததாக நான்கைப் பொறுக்கித் தராசில் வைப்பார். தாமே தேர்ந்தெடுத்தோம் என்ற பெருமிதம் முகத்திலே தவழும்.

நாம் சொல்லுகிறோம்: அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்காக 1916-ஆம் ஆண்டிலேயே ஒருவர் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டார். சிவப்பாக இருக்கவேண்டும், இனிப்பாக இருக்கவேண்டும் என்று இன்று நம் நாக்கு ஆணையிடுகிறதே, அந்த நாக்கை அறிந்து, அதற்கேற்ற பழத்தைக் கண்டறிந்து, கடல் கடந்து வரவழைத்து, இமயத்தின் சரிவிலே நட்டுக் காட்டியவர் அவர். சிம்லாக்காரர் அல்லர். ஆட்சி நடத்திய ஆங்கிலேயரும் அல்லர். அமெரிக்காவிலே பிறந்தவர்; கோட்கர் மலையிலே வாழ்ந்தவர். சாமுவேல் இவான்ஸ் ஸ்டோக்ஸ் என்பது பெற்றோர் இட்ட பெயர். சத்யானந்த் ஸ்டோக்ஸ் என்பது பின்னாளில் அவரே ஏற்ற பெயர். இமாசலத்திலே அவரை அறியாதார் குறைவு. இங்கே அறிந்தவர் குறைவு. பழம் வந்து சேர்ந்தது, பெயர் வந்து சேரவில்லை!

1882-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16-ஆம் நாள் பிலடெல்பியா நகரிலே பிறந்தார். தந்தையார் பெரிய தொழில் முதலாளி. மாடிக் கட்டடங்களில் ஆட்களை ஏற்றி இறக்கும் மின்தூக்கிகளைச் செய்யும் நிறுவனம் அவருடையது. அமெரிக்க நகரங்கள் வானத்தை நோக்கி வளர்ந்துகொண்டிருந்த காலம். அந்தத் தொழிலிலே பணம் எப்படிக் கொட்டியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. மகன் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தால் போதும். அமரவில்லை. அவர் பிறந்தது குவேக்கர் குடும்பம். ஆடம்பரம் வேண்டாம், போர் வேண்டாம், மனிதருக்குள் உயர்வு தாழ்வு வேண்டாம் என்று சொல்லிவந்த கிறிஸ்தவப் பிரிவு அது. சொல்லியதைச் செய்து பார்ப்போமே என்று புறப்பட்ட பிள்ளைகளில் ஒருவர் ஸ்டோக்ஸ்.

1904-இல் பம்பாயில் வந்து இறங்கினார். அப்போது வயது 21. சிம்லா மலைகளிலே சபாத்து என்ற ஊரில் தொழுநோயாளர் இல்லம் ஒன்று இருந்தது. அங்கே பணி செய்ய வந்தார். மின்தூக்கி முதலாளியின் மகன், உற்றாரும் உறவினரும் ஒதுக்கிவிட்டவர்களின் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்! 1905 ஏப்ரலில் காங்ராப் பள்ளத்தாக்கைப் பூகம்பம் புரட்டிப் போட்டபோது இடிபாடுகளுக்கு இடையே சென்று துயர்துடைப்புப் பணி ஆற்றினார். பிறகு கோட்கர் வந்தார். சிம்லாவுக்கு அப்பால், சட்லஜ் ஆற்றை நோக்கி இறங்கும் மலைச் சரிவிலே, ஏறத்தாழ 6,500 அடி உயரத்தில் உள்ள ஊர். சுற்றிலும் சிற்றரசர்களின் மலைநாடுகள். நடுவே இந்தப் பகுதி மட்டும் வெள்ளையரின் நேரடி ஆட்சியில்.

சில ஆண்டுகள் துறவிபோல் வாழ்ந்தார். காலில் செருப்பின்றி, கையில் காசின்றி ஊர் ஊராக நடந்தார். நம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் சாது சுந்தர் சிங்கின் பெயரை அறியாதவர் இல்லை; அந்தச் சுந்தர் சிங்கோடு சேர்ந்து நடந்தவர் ஸ்டோக்ஸ். ஆனால் துறவிக்கு ஊர் சோறு போடும், வணங்கும், வழியனுப்பும். தன்னுள் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளாது. அவருக்கு வேண்டியது வணக்கம் அல்ல, வாழ்க்கை. 1912-இல் அந்த மலைப் பகுதியைச் சேர்ந்த ஆக்னஸ் என்ற கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். ஆளும் நிறத்தவர் ஆளப்படும் நிறத்தவரைப் பணிப்பெண்ணாக வைத்துக்கொண்டால் கேள்வி இல்லை. மனைவியாக மதித்தால் மட்டும் மானம் போய்விடும் என்று எண்ணிய காலம் அது. ஸ்டோக்ஸ் அந்த மானத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. குடும்பச் செல்வத்தின் துணையோடு பழைய தேயிலைத் தோட்ட நிலம் ஒன்றை வாங்கினார். தானேதார் அருகே பரோபாக் என்னும் இடத்திலே வீடு கட்டினார். ஹார்மனி ஹால் என்று பெயர். துறவி குடியானவர் ஆனார்.

குடியானவர் ஆனதும் கேள்வி பிறந்தது. இந்த மண்ணிலே எதைப் போடுவது?

சரிவு நிலம். மலையை வெட்டிப் படிப்படியாகத் திருத்திய துண்டு வயல்கள். கோதுமையும் வாற்கோதுமையும் விளைந்தால் வயிற்றுக்குப் போதும். கைக்கு எதுவும் மிஞ்சாது. பனி பெய்யும் மாதங்களில் வேலையும் இல்லை, வருமானமும் இல்லை.

அந்த மலைகளிலே ஏற்கனவே ஆப்பிள் இல்லாமல் இல்லை. 1870 வாக்கிலேயே குலுப் பள்ளத்தாக்கின் பந்த்ரோலில் வெள்ளையர் தோட்டம் போட்டிருந்தனர். சிம்லாவை அடுத்த மஷோப்ராவிலும் தோட்டம் எழுந்தது. 1864 முதல் சிம்லா கோடைகாலத் தலைநகரம் ஆயிற்றே! வைசிராய் வருவார், அவர் பின்னே அலுவலர் படை வரும், சீமாட்டிகள் வருவார்கள். அவர்களுக்குத் தாய்நாட்டு நினைவு வரும். நினைவு வந்தால் தாய்நாட்டுப் பழம் வேண்டும். எனவே இங்கிலாந்திலே புகழ்பெற்ற பிப்பின் வகைகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று காக்ஸ் ஆரஞ்சு பிப்பின். 1825 வாக்கில் இங்கிலாந்தின் கோல்ன்புரூக்கில் ரிச்சர்டு காக்ஸ் என்பவர் வளர்த்தெடுத்தது. பீர் காய்ச்சும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின் தோட்டத்தில் இறங்கியவர் அவர். அந்தப் பழத்தைக் குறை சொல்ல நாம் வரவில்லை. நறுமணம் உண்டு, புளிப்பும் இனிப்பும் கலந்த நுட்பமான சுவை உண்டு. ஆங்கிலேயர் அதைப் பாலாடைக்கட்டியோடு சுவைப்பர், மாவுக்குள் பொதிந்து சுட்டுத் தின்பர்.

ஆனால் அந்தச் சுவை யாருடைய நாக்குக்கு? அமிர்தசரசின் அல்வாக் கடைக்காரர் நாக்குக்கா? டில்லித் தெருவிலே கரும்புச்சாறு குடிப்பவர் நாக்குக்கா? நம் மக்கள் புளிப்பை அறியாதவர்கள் அல்லர். புளியையும் மாங்காயையும் நாவூறத் தின்பவர்கள். ஆனால் பழம் என்று காசு கொடுத்து வாங்கினால் அது இனிக்கவேண்டும். பழத்தில் புளிப்பு வந்தால், பழுக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பார்கள்! பிப்பின் மரங்கள் இமயத்தின் மண்ணில் வளர்ந்தன; கனிகள் இலண்டனின் நாக்குக்குக் காய்த்தன. மலைநாட்டு மக்களின் நிலை என்ன? அந்தப் பழத்தைப் பறித்துக் கொடுக்கலாம், சுமந்து கொடுக்கலாம். அதைப் பயிரிட்டுப் பிழைக்கலாம் என்றால், வாங்க வேண்டியவர் சிம்லாவில் தங்கியிருக்கும் சில ஆயிரம் சீமான்கள்தாம். அவர்களும் குளிர் வந்தால் இறங்கிப் போய்விடுவார்கள்.

இந்த இடத்திலே ஸ்டோக்ஸின் கூர்மையைப் பாருங்கள். ஆப்பிள் இங்கே விளையுமா என்று அவர் கேட்கவில்லை. அது விளைந்து கொண்டிருந்தது. எந்த ஆப்பிள் என்று கேட்டார். யார் தின்னப் போகிறார்கள் என்று கேட்டார். அமெரிக்காவில் புகழ் பரவிக்கொண்டிருந்த ஓர் இனத்தின்மீது அவர் கண் சென்றது. அதன் கதையைச் சற்று நின்று சொல்லத்தான் வேண்டும். அதுவே ஒரு நாடகம்.

அயோவா மாநிலத்தில் பெரு என்ற சிற்றூர். ஜெஸ்ஸி ஹையாட் என்ற விவசாயி, அவரும் குவேக்கர். அவருடைய தோட்டத்தில் ஒழுங்காக நட்ட வரிசைக்கு இடையே, யாரும் நடாத ஒரு கன்று முளைத்தது. வரிசைக்குப் பொருந்தாதது களைதானே? வெட்டினார். மறு ஆண்டு அடியிலிருந்து தளிர்த்தது. மீண்டும் வெட்டினார். மூன்றாம் முறையும் தலைகாட்டியது. இவ்வளவு பிடிவாதமாக வாழ விரும்பினால் வாழ்ந்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டார். ஆண்டுகள் கழிந்து அது காய்த்தபோது, கடித்தவர் வியந்தார். அப்படி ஓர் இனிப்பு, அப்படி ஒரு மணம். அயோவாக்காரர்களுக்கு ஆகாய்ஸ் என்று பட்டப்பெயர் உண்டு. அதையே பழத்துக்கு இட்டு ஆகாய் என்றழைத்தார். 1893-இல் மிசௌரி மாநிலத்தின் லூசியானா என்ற ஊரில் ஸ்டார்க் சகோதரர்களின் நாற்றுப்பண்ணை நடத்திய பழப்போட்டிக்கு அனுப்பினார். பழம் வென்றது; அனுப்பியவரின் முகவரிச் சீட்டு தொலைந்தது! யார் பழம் என்று தெரியாமல் பண்ணைக்காரர்கள் தவித்தனர். அடுத்த ஆண்டும் ஹையாட் அனுப்பினாரோ இல்லையோ, ஆளைப் பிடித்துவிட்டார்கள். உரிமையை விலைக்கு வாங்கினார்கள், டெலிசியஸ் என்று பெயர் சூட்டினார்கள். பின்னால் கோல்டன் டெலிசியஸ் என்ற மஞ்சள் இனத்தையும் அவர்களே வாங்கியபோது, மூத்தது ரெட் டெலிசியஸ் ஆயிற்று.

வெட்டிய ஹையாட் மூன்றாம் முறையும் வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த இனமே உலகில் இல்லை. ஏன் என்றால், தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று நம் மூத்தோர் சொல்லி வைத்தார்களே, அந்தப் பழமொழி ஆப்பிளிடம் செல்லாது. இனிப்புப் பழத்தின் விதையை ஊன்றினால் இனிப்புப் பழம் வரும் என்று உறுதி இல்லை. ஒரே பழத்தின் ஐந்து விதையும் ஐந்து வேறு மரம் ஆகும். பெரும்பாலானவை வாயில் வைக்க உதவா. நல்ல மரம் ஒன்று வாய்த்துவிட்டால் அதன் குச்சியை வெட்டி வேறு அடிக்கன்றில் ஒட்டவேண்டும். ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்கு இது புரியும். இன்று உலகெங்கும் உள்ள ரெட் டெலிசியஸ் மரங்கள் எல்லாம், அந்தப் பிடிவாதக் கன்றின் கிளையிலிருந்து கிளையாகக் கிளைத்தவையே.

அந்தக் கிளைதான் 1916-இல் கோட்கருக்கு வந்தது. இடம் பொருத்தமாக அமைந்தது. ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலத்தில் நீண்ட உறக்கம் வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் மணி நேரமாவது கடுங்குளிர் படவேண்டும். இல்லையேல் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்காது. கோட்கரில் குளிருக்குக் குறைவில்லை. கோடையிலே வெயில் உண்டு, சரிவு என்பதால் நீர் தேங்காது. ஆனால் மரம் ஒத்துக்கொண்டாலும் மனிதர் ஒத்துக்கொள்ளவேண்டுமே! ஸ்டோக்ஸ் அக்கம்பக்கத்து உழவர்களுக்குக் கன்றுகளை வழங்கினார். நடக் கற்றுக்கொடுத்தார், ஒட்டக் கற்றுக்கொடுத்தார், கவாத்துச் செய்யக் கற்றுக்கொடுத்தார். உழவர் தயங்கினர். தயக்கத்தில் நியாயம் இருந்தது. கோதுமை ஆறு மாதத்தில் அடுப்புக்கு வரும். இந்த மரமோ ஏழெட்டு ஆண்டு நின்று பார்த்துவிட்டுத்தான் காய்க்கும். அதுவரை பிள்ளைகளுக்கு எதைப் போடுவது? வயிறு நிறைந்தவன் மரம் நடலாம். வயிறு காய்ந்தவன் நட்டால் அது துணிச்சல். தம் தோட்டத்தில் காய்த்துக் காட்டி, விற்றுக் காட்டிய பிறகே அவரால் அவர்களை நம்பவைக்க முடிந்தது.

இடையிலே ஒரு செய்தி. இந்த மரம் தன் பூவின் மகரந்தத்தால் தானே காய்க்காது. வேற்றினத்து மரம் அருகே நிற்கவேண்டும். தேனீ நடுவே நின்று தூது போகவேண்டும். கோல்டன் டெலிசியஸ் அதற்கு ஏற்ற துணை. கோட்கர் தோட்டங்களில் அதுவும் இடம் பெற்றது. சொந்தத்துக்குள் முடிக்கமாட்டேன், கலப்பு மணம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கும் மரம்! 1912-இல் தாம் செய்ததையே அவர் தோட்டமும் ஆண்டுதோறும் செய்துகொண்டிருந்தது.

மரம் வளரக் காத்திருந்த ஆண்டுகளில் மனிதர் சும்மா இருக்கவில்லை. அங்கேதான் நாம் இந்தக் கட்டுரைக்கு இட்ட தலைப்பின் முதற்பாதி வருகிறது.

பேகார் என்று ஒரு கொடுமை. தமிழில் சொன்னால் வெட்டி. வீணான வேலையை வெட்டி வேலை என்கிறோம். சொல்லின் வேர் நகைச்சுவை அல்ல. கூலியின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்புக்குச் சோழர் காலக் கல்வெட்டுகளிலே வெட்டி என்றே பெயர். அந்த வெட்டி இமயமலையிலே இருபதாம் நூற்றாண்டிலும் கொடிகட்டிப் பறந்தது. சிம்லாவிலிருந்து திபெத்தை நோக்கி மலைப்பாதை ஒன்றை 1850 முதல் வெள்ளையர் அமைத்தனர். அந்தப் பாதையிலே துரை வருவார், துரைசானி வருவார், வேட்டைக்காரர் வருவார், உல்லாசப் பயணி வருவார். அவர்களுடைய பெட்டி, படுக்கை, கூடாரம், மதுப்புட்டி, மேசை நாற்காலி எல்லாம் வரும். தாமாக நடந்து வருமா? சிற்றூருக்கு ஆணை போகும்: இத்தனை தலை வேண்டும். விதைக்கும் நாளாக இருக்கட்டும், அறுக்கும் நாளாக இருக்கட்டும், வீட்டிலே பிணம் கிடக்கட்டும், புறப்படவேண்டும்! மலை ஏறவேண்டும், மலை இறங்கவேண்டும், அடுத்த தங்கல்வரை சுமக்கவேண்டும். கூலி உண்டா என்றால், சில நேரம் கண்துடைப்பாகச் சில்லறை. பல நேரம் அதுவும் இல்லை. மறுத்தால் தண்டனை.

ஸ்டோக்ஸ் நிறத்தால் சுமக்கப்படும் கூட்டத்தைச் சேர்ந்தவர். மண்ணால், மனைவியால், மக்களால் சுமக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர். எந்தப் பக்கம் நிற்பது? முதலிலே எழுதினார். மனுக்கள், கடிதங்கள், ஏடுகளில் கட்டுரைகள். ஆட்சியாளருக்குக் காது இருந்தது, கேட்கவில்லை. பிறகு மக்களைத் திரட்டினார். கோட்கர் வட்டாரத்துச் சிற்றூர் மக்கள் கூடினர். இனிச் சுமப்பதில்லை என்று உறுதி பூண்டனர். காலங்காலமாகக் குனிந்த முதுகுகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்துவிட்டால் எந்த ஆட்சிதான் என்ன செய்யும்? ஒருவன் மறுத்தால் கசையடி கொடுக்கலாம். ஊரே மறுத்தால் பெட்டியை யார் தூக்குவது? துரைமார் தாமே தூக்கவேண்டியதுதான்! 1921-இல் கோட்கர் வட்டாரத்திலே அந்த முறை முடிவுக்கு வந்தது.

இந்த வெற்றியைக் காந்தியார் தம் ஏட்டிலே பாராட்டி எழுதினார். 1920-இல் நாகபுரியில் கூடிய காங்கிரசுக்குக் கோட்கரின் பேராளராக ஸ்டோக்ஸ் சென்றிருந்தார். கதர் உடுத்தினார். அரசுப் பணியைத் துறந்து வெளியே வாருங்கள் என்று இந்தியர்களை அழைத்த 1921-ஆம் ஆண்டு அறிக்கையிலே கையெழுத்திட்ட ஒரே அமெரிக்கர் அவர். வேல்சு இளவரசர் வருகையை எதிர்த்த கிளர்ச்சிக் காலத்தில், 1921 டிசம்பரிலே கைது செய்யப்பட்டார். ஆறு மாதச் சிறை. மன்னிப்புக் கேட்கவில்லை, பிணையில் வெளிவர முயலவும் இல்லை. மின்தூக்கிகளின் பிள்ளை லாகூர்ச் சிறைச்சாலையில் அடைபட்டுக் கிடந்தார். கோட்கரிலே கன்றுகள் இன்னொரு பனிக்காலத்தைக் கண்டன.

விடுதலை பெற்று வந்தபின் நாளடைவில் அரசியல் மேடையைவிட்டு விலகினார். 1924-இல் பள்ளி ஒன்றை நிறுவினார். சிறு வயதிலேயே இறந்துபோன மகன் தாராவின் பெயரை அதற்கு இட்டார். பிள்ளையைப் பறிகொடுத்த துயரத்தைக் கல்லறையாக எழுப்பாமல் பள்ளியாக எழுப்பினார். ஊர்ப் பிள்ளைகள் படித்தனர். 1932-இல் மதம் மாறி இந்து ஆனார். சத்யானந்த் என்ற பெயர் பூண்டார். மனைவி ஆக்னஸ் பிரியதேவி ஆனார். இதைப் பாராட்டி எழுதியவர்களும் உண்டு, வருந்தி எழுதியவர்களும் உண்டு. எந்த வழிபாட்டில் அவர் அமைதி கண்டார் என்பது அவருடைய சொந்தக் கணக்கு. நாம் புரட்டிப் பார்ப்பது பொதுக் கணக்கு.

அந்தப் பொதுக் கணக்கிலே வரவு எப்படி? மரங்கள் காய்த்தன. சிம்லாச் சந்தையிலே சிவந்த, நீண்ட, அடியிலே ஐந்து மேடு கொண்ட புதுப் பழம் வந்து இறங்கியது. வாங்கியவர் கடித்தார், இனித்தது. பிப்பின் பழத்தை முகம் சுளித்து வைத்துவிட்டுப் போனவர் இதை மீண்டும் கேட்டு வந்தார். அதுவரை தயங்கிய உழவர்கள் கன்று கேட்டு வந்தனர். பொதி விலங்குகள் மீதும் மனிதர் முதுகிலும் பழப்பெட்டிகள் மலைப்பாதையில் போயின. அதே பாதை! துரையின் படுக்கையை வெட்டிக்குச் சுமந்த குடும்பங்கள், தம் தோட்டத்துப் பழத்தைத் தம் ஆதாயத்துக்கு அனுப்பின. 1946 மே 14-ஆம் நாள் ஸ்டோக்ஸ் மறைந்தார். நாடு விடுதலை பெற இன்னும் பதினைந்து மாதம் இருந்தது.

அவர் காலத்தில் அது ஒரு வட்டாரத்தின் பயிர். 1950-51-இல் இமாசலத்தில் ஆப்பிள் பயிரான பரப்பு ஏறத்தாழ 400 ஹெக்டேர்தான். பின்னால் அது ஒரு இலட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. கல்வீடு எழுந்தது, பிள்ளைகள் சண்டிகருக்கும் டில்லிக்கும் படிக்கப் போயினர்.

எல்லாம் இன்பமயம் என்று எழுதிவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. பழம் விளைவித்தவன் விலை சொல்ல முடியாது; மண்டிக்காரர் சொல்லுவார். 1990 ஜூலையிலே, ஆதரவு விலை கேட்டுக் கிளர்ச்சி செய்த ஆப்பிள் விவசாயிகள் மீது அதே கோட்கரில் துப்பாக்கிச் சூடு நடந்தது, மூவர் மாண்டனர். வெள்ளையர் போய் நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து! பருவத்திலே பெட்டி சுமக்க நேபாளத்திலிருந்து தொழிலாளர்கள் வருகின்றனர். கூலி உண்டு, வெட்டி அல்ல. ஆயினும் பாரம் பாரம்தான், மலை மலைதான்.

பழத்துக்கும் ஒரு வீழ்ச்சி வந்தது. அதைச் சொல்லாவிட்டால் கதை முழுமை ஆகாது. ஹையாட் கண்ட பழம் முழுச் சிவப்பு அல்ல; மஞ்சள்மேல் சிவப்புக் கோடு போட்டது. சந்தையிலே சிவந்தது விலை போகிறது என்று கண்ட அமெரிக்க வணிகர், மேலும் மேலும் சிவந்த கிளைகளையே பொறுக்கி ஒட்டினர். நிறம் ஏறியது, தோல் தடித்தது, சுவை இறங்கியது! கண்ணால் வாங்கிய மக்கள் வாயால் ஏமாந்தனர். அரை நூற்றாண்டுக்கு மேல் அமெரிக்க விளைச்சலில் முதலிடத்தில் இருந்த ரெட் டெலிசியசை 2018-இல் காலா என்ற இனம் முந்தியது. நம்மூர்த் தள்ளுவண்டியிலே மெழுகு பூசி மினுக்கும் பழத்தை வெறும் சிவப்புக்காகப் பொறுக்கும் நண்பர்களுக்கு நாம் ஒன்று சொல்வோம்: கையில் எடுத்தால் கனக்க வேண்டும், தட்டினால் கெட்டியாக ஒலிக்க வேண்டும், காம்புப் பக்கம் மணக்க வேண்டும். நிறத்துக்கு நான்காவது இடம் கொடுங்கள். நமக்குப் பிடித்தது எது என்று கேட்டால், செப்டம்பரில் வரும் பழங்களிலே கோடு தெரியும், ஓரத்திலே மஞ்சள் எட்டிப்பார்க்கும் பழம். கடைக்காரர் அதைத் தள்ளி வைத்திருப்பார்; விலையும் குறைவு!

கோட்கரிலும் கேள்வி திரும்ப எழுந்திருக்கிறது. எதை நடுவது? குளிர்காலம் முன்போல் குளிரவில்லை, பனி தவறுகிறது, தாழ்ந்த சரிவுகளிலே ரெட் டெலிசியஸ் வகைகளுக்கு வேண்டிய உறக்கம் கிட்டவில்லை. தோட்டக்காரர்கள் பழைய மரங்களுக்குப் பக்கத்திலே காலாவையும், குறைந்த குளிரில் காய்க்கும் வேறு இனங்களையும் வைத்துப் பார்க்கின்றனர். இன்னொரு தொல்லையும் உண்டு. மஞ்சள் நிறக் கோல்டனுக்கு விலை குறைவு என்பதால் பல தோட்டங்களில் அதற்கு இடம் குறைத்துவிட்டனர். எங்கும் சிவப்பு மரமே. மருந்தடிப்பால் தேனீயும் குறைந்தது. பூத்துக் குலுங்கிய மரம் காய் பிடிக்காமல் நின்றது. அதனால் இப்போது ஏப்ரலிலே பூக்கும் நாட்களில், தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்துத் தோட்டத்திலே வைக்கிறார்கள். ஒதுக்கிய கோல்டன் கிளையையும் தேடி எடுத்து வந்து, சிவப்பு மரத்தின் கொம்பிலேயே ஒட்டுகிறார்கள்.